ஏழரை மணிச் செய்தி

பிப்ரவரி 4

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என்னடா, அப்பா கடிதமெல்லாம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. தினமும் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து பார்க்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கும் வழக்கம்போல டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழரைக்கு உன் சேனலைத் திருப்பினால் நீலத் திரை. இந்தச் சேனல் தற்போது கிடைக்காது, வருந்துகிறோம் என்று அதில் இரண்டு வரி. வயரைப் பிடுங்கிச் செருகினேன். டிவி தலையில் ஒரு தட்டு தட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலுக்கு மேலே இருக்கிற இணைப்பையும் ஆட்டிப் பார்த்தேன். திட்டாதே, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற சேனலெல்லாம் பளிச்சென்று வருகிறது. உன்னுடையதுதான் இல்லை.

மறுநாள் காலையில் கொக்கியைப் போய்ப் பிடித்தேன். உனக்கு அவனைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவன். நம் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுத்து மாட்டுகிறவன். அவன் பேசினால் எனக்குப் பாதிதான் பிடிபடும், மீதியைக் கையாலும் காலாலும் காட்டினான். "உன் சேனலை எங்க கம்பியில கொண்டுபோகணும்னா கூடுதல் கட்டணம் கொடு" என்று கேபிள் கம்பெனி கேட்கிறதாம். "எங்க செய்தியைப் பார்க்கத்தானே ஜனங்க உன்கிட்ட இணைப்பு வாங்குறாங்க, நீதான் எங்களுக்குக் கொடுக்கணும்" என்று உங்கள் ஸ்டேஷன் சொல்கிறதாம். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டார்கள். கம்பெனி ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டது. ஏழரை மணிச் செய்திக்கே ஏழரை பிடித்துவிட்டது, பார்.

போன் பண்ணச் சொல்கிறாள் தையல்காரம்மா. போனில் நீ என்ன பேசினாலும் எனக்குக் கேட்பது ஆலையில் ஓடிய தறிச் சத்தம்தான். காது போனதற்கு நான் அழவில்லை. அந்த ஆலையில் யாருக்குத்தான் காது வேலை செய்தது? ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே சண்டை போட்டோம், உதட்டைப் பார்த்தே சமாதானம் ஆனோம். உன் உதட்டைப் பார்க்க முடியாததுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

நியாயம் யார் பக்கம், எப்போது முடியும் என்று எழுது.

அப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி இங்கே சுகம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சத்தியம். ஸ்டூலில் ஏறியதற்கு உங்களைத் திட்டவில்லை. அடுத்த முறை ஏறினால் தையல்காரம்மாவைத் திட்டி எழுதுவேன்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! உறையைப் பிரிக்க மனசு வராமல் மேக்கப் அறை வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன்.

நியாயம் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை, அப்பா. எங்கள் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, "நாம இறங்கிப் போகக் கூடாது" என்று மேசையைத் தட்டினார். கம்பெனியிலும் யாராவது மேசையைத் தட்டியிருப்பார்கள். இந்த ஊருக்குள் ஆன்டெனா வைத்தாலே எங்கள் சேனல் தெரியும். உங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கேபிளை விட்டால் வேறு வழி கிடையாது.

நான் தினமும் ஏழரைக்கு வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவ்வளவு நாள் அந்தக் காமிராவைப் பார்க்கும்போது அதற்கு அந்தப் பக்கம் நீங்கள் டீயோடு உட்கார்ந்திருப்பீர்கள் என்று ஒரு நினைப்பு. இப்போது அது வெறும் கண்ணாடி.

இன்றைய செய்தியை எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் பாலத்தில் விரிசல், லாரிகளுக்குத் தடை. செவிலியர்கள் வேலைநிறுத்தம் முடிந்தது. நாளை மேகமூட்டம், மழைக்கு வாய்ப்பில்லை. குடை எடுக்காமல் வெளியே போகலாம்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 22

அன்பு மகள் வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். மழைக்கு வாய்ப்பில்லை என்று நீ எழுதிய செய்தி, இங்கே கொட்டுகிற மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. தபாலில் வருகிற செய்தியின் லட்சணம் அதுதான்.

மற்ற சேனல்களில் செய்தி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுகிறான். இன்னொருத்தி பேசும்போது பாதி நேரம் அவள் முகத்தைக் காட்டாமல் வெள்ளத்தைக் காட்டுகிறார்கள். வெள்ளத்துக்கு ஏது உதடு?

கொக்கி நல்லவன். ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ பழைய ஆன்டெனா ஒன்றைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் கட்டினான். கம்பெனிக்குத் தெரிந்தால் அவன் வேலை போய்விடும். அவன் மேலே நின்று திருப்ப, தையல்காரம்மா படிக்கட்டில் நின்று கத்த, நான் கீழே டிவியைப் பார்த்துக் கையைக் காட்ட, பொழுது சாயும் வரை கூத்துதான். நடுவில் மலை நிற்கிறது, என்ன செய்ய? ஒரே ஒரு தடவை அந்த இரைச்சல் புள்ளிகளுக்குள் தோள்பட்டை மாதிரி ஒன்று தெரிந்தது. நீதான் என்று நான் சொன்னேன். அலமாரி என்று தையல்காரம்மா சொன்னாள்.

வட்டார அலுவலகத்துக்கு நேரிலேயே போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். உன் யோசனை என்ன?

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது, கொஞ்சம் வேலை.

அலுவலகத்துக்கெல்லாம் போக வேண்டாம், அப்பா. அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் முட்டி என்ன ஆகும்? பெரிய இடத்துச் சண்டை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்ச நாள் இழுத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. இப்போது பணம் கொடுத்து முடித்தால் அந்தப் பணத்தை வேறு எங்கேயாவதுதான் பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் கணக்குப் பார்க்கிறவர்கள் பாடு.

அந்தத் தோள்பட்டை நானாகத்தான் இருக்கும். அலமாரி எதுவும் எங்கள் அரங்கில் இல்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். நிஜமாகவே போக வேண்டாம்.

வாயாடி


மார்ச் 18

அன்பு மகள் வாயாடிக்கு,

நலமாகத் திரும்பி வந்துவிட்டேன். எங்கிருந்து என்று கேட்கிறாயா? வட்டார அலுவலகத்திலிருந்துதான். உன் கடிதம் வருவதற்குள் கிளம்பிவிட்டோம் என்று பொய் சொல்லலாம். வந்த பிறகுதான் கிளம்பினேன். முட்டிக்காகத்தானே வேண்டாம் என்றாய்? முட்டி என்னுடையது.

டிவியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தையல்காரம்மாவும் நம் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் கூடவே வந்தார்கள். கொக்கி வேறு பஸ்ஸில் வந்து, யாரோ எவரோ மாதிரி எதிர்ச் சாரியில் நின்றான். அலுவலகம் இரண்டாவது மாடி, தெருவைப் பார்த்த வெளிப் படிக்கட்டு. முதல் மாடித் திருப்பத்திலேயே நான் மூச்சுவாங்கி நிற்பதைப் பார்த்ததும், வேலை போனால் போகட்டும் என்று ஓடிவந்து டிவியைத் தூக்கிக்கொண்டான்.

கவுண்டரில் டை கட்டிய இளைஞன் ஒருவன்.

"டிவி ரிப்பேர் இங்க இல்லீங்க பெரியவரே."

"டிவி நல்லாத்தான் இருக்கு. உங்க கம்பெனிதான் ரிப்பேர்."

அவன் உள்ளே போய் ஓர் அதிகாரியைக் கூட்டிவந்தான். அவர் பேசியது பிடிபடாமல் தையல்காரம்மாவின் உதட்டைப் பார்த்தேன். "எழுபது சேனல் கொடுக்குறோமே, அதுல ஏதாவது ஒண்ணுல செய்தி பார்த்துக்கக் கூடாதா?" என்று கேட்டாராம்.

"எழுபதுலயும் என் பொண்ணு இல்லயே சார்" என்றேன்.

மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

இறங்கி வரும்போது கால் சுத்தமாக நின்றுவிட்டது. டிவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்தார். நான் முட்டி வலியில் உட்கார்ந்ததை அவர் போராட்டம் என்று போட்டுவிட்டார். உனக்கு வேலையில் தொந்தரவு வரக் கூடாது என்று அவரிடம் உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. "யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சரிதான், சீக்கிரம் முடிச்சுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

உடனே பதில் எழுது.

அப்பா


ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தீர்களா?

உங்கள் படம் எங்கள் ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. மேனேஜரே வெட்டி ஒட்டினார். "யாரோ ஒரு பெரியவர் நமக்காகத் தெருவுல உட்கார்ந்திருக்காரு பாருங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அது என் அப்பா என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயம்.

நான் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தினமும் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. அதை நான் ஒரு நாளும் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. காதோரம் முடி இவ்வளவு வெளுத்துவிட்டதா? சட்டையின் மேல் பித்தானுக்கு வேறு நிறப் பித்தான் தைத்திருக்கிறது. போர்வைக்கு வெளியே டிவியின் மூலை தெரிகிறது. அதன் மேல் உங்கள் கை, சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது என் தலை மேல் வைப்பீர்களே, அதே மாதிரி.

நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுவிட்டேன்.

உங்கள் படம் வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சீக்கிரம் முடியும் போலிருக்கிறது. முடிந்தால் இங்கே சில மாற்றங்கள் வரும். அதை அப்புறம் எழுதுகிறேன்.

மாத்திரை சாப்பிடுங்கள்.

வாயாடி


ஏப்ரல் 19

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா நலம். நலத்துக்கும் மேலே. மே முதல் தேதி உன் சேனல் வருகிறது என்று கொக்கிக்குக் கம்பெனியிலிருந்து தகவல் வந்துவிட்டது. அதைச் சொல்ல ஓடிவந்தவன் வாசல் நிலையில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கி நிற்கிறான்.

டிவியின் பின்பக்கத்தைத் திறந்து தூசி தட்டினேன். புது பிளக் போட்டாயிற்று. அன்றைக்கு அலுவலகத்துக்கு வந்தவர்களை எல்லாம் வரச் சொல்லியிருக்கிறேன். நாற்காலி போதாது, தையல்காரம்மா வீட்டு பெஞ்சு வருகிறது.

மாற்றம் என்று எழுதியிருந்தாயே, என்ன மாற்றம்? நேரத்தை மாற்றுகிறார்களா? காலைச் செய்திக்குப் போட்டாலும் எனக்குச் சரிதான். உன் கடிதத்தில் வழக்கமான கிண்டல் ஒன்றுகூட இல்லை. உடம்பு சரியாக இருக்கிறது அல்லவா?

மே முதல் தேதி ஏழரைக்குப் பார்ப்போம்.

அப்பா


மே 3

மகளுக்கு,

சேனல் வந்தது. ஏழரைக்குப் பாட்டு போட்டார்கள். தாமதமாகச் செய்தி வரும் என்று எட்டு வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். கொக்கி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தான்.

இன்று காலை தையல்காரம்மா உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி உன்னைக் கேட்டாள். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. தோளைப் பிடித்துத் திருப்பினேன். "அப்படி யாரும் இப்ப இங்க இல்லைங்கிறாங்கண்ணே" என்றாள்.

எங்கே இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? ஒரு வரியாவது எழுது.

அப்பா


மே 11

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதே அறையில்தான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன். முதலில் அதை நம்புங்கள்.

கம்பெனி கேட்ட கட்டணத்தை ஸ்டேஷன் ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்துக்காகச் செய்திப் பிரிவையே மூடிவிட்டார்கள். பாட்டுக்குச் செலவு குறைவு. உங்கள் படத்துக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்கும்போதுதான் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். மாதக் கடைசியோடு சரி என்றார். என் கடைசிச் செய்தியை ஏப்ரல் முப்பதாம் தேதி வாசித்தேன். மறுநாள் உங்கள் ஊருக்கு இணைப்பு வந்தது.

மார்ச்சிலேயே எனக்கு அரசல் புரசலாகத் தெரியும். உங்களிடம் எப்படிச் சொல்வது? சண்டை நீடித்தால் நீங்கள் என்னைப் பார்க்க முடியாது. முடிந்துவிட்டால் பார்ப்பதற்கு நான் அங்கே இருக்க மாட்டேன். இதில் எதை வேண்டிக்கொள்ளச் சொல்வேன்? நீங்கள் போகாமல் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும், அப்பா. ஒரு மாதம் தள்ளி நடந்திருக்கும், அவ்வளவுதான்.

வேலை கிடைத்துவிட்டது. அதே மாதிரி வேலை, எட்டு மணிச் செய்தி. ஆனால் வானொலியில். இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. மலை தாண்டி உங்கள் ஊர் வரைக்கும் கேட்குமாம். கேட்கும் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மைக், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒலிப்பதிவாளர் முதல் நாளே சிரித்தார். "ரேடியோவுக்கு எதுக்கு மேடம் இப்படி வாயைத் திறந்து திறந்து காட்டுறீங்க? யார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டார். பழக்கம் என்றேன். யாருக்காக வந்த பழக்கம் என்று சொல்லவில்லை.

புது வேலை, வருஷக் கடைசி வரை விடுமுறை கேட்க முடியாது. கோபமாக இருந்தாலும் பதில் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூன் 15

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா நலமாக இருக்கிறேன். தாமதத்துக்கு முட்டியைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன், முட்டியால் யாரும் கடிதம் எழுதுவதில்லை.

கோபம் இல்லை. பேனாவை எடுப்பேன், வைப்பேன். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம், "பெரியப்பா போய் உட்கார்ந்ததாலதான் சேனல் வந்துச்சு" என்று முதுகில் தட்டுகிறான். ஒவ்வொரு தட்டுக்கும் நெஞ்சில் ஒன்று விழுகிறது. நான் போகாவிட்டாலும் நடந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆனாலும் அந்தப் படியில் உட்கார்ந்தவன் நான்தானேம்மா.

போன மாதக் கடைசியில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரேடியோ வாங்கினேன். கடைக்காரன் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டினான். எனக்குப் பிடித்திருப்பது போலத் தலையாட்டி வைத்தேன். எட்டு மணிக்கு அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ சின்னதாகத் துடித்தது. அது நீயா விளம்பரமா என்று தெரியவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் கையை எடுக்கவில்லை.

இதைத் தையல்காரம்மா பார்த்துவிட்டாள். மறுநாள் எதிரே வந்து உட்கார்ந்து, நீ வாசிக்க வாசிக்க அப்படியே உதட்டில் சொல்லிக் காட்டினாள். நல்ல மனசு. ஆனால் இடையிடையே தன் கருத்தையும் சேர்த்துவிடுகிறாள். பேருந்துக் கட்டண உயர்வைச் சொல்லும்போது நீ அந்த வார்த்தையெல்லாம் பேசியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கொக்கி வருகிறான். முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் மீசை மேலுதட்டை முழுசாக மூடிக்கொண்டு தொங்குகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுத்தமாகச் சிரைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். யாரோ என்று நினைத்து, "யாருப்பா நீ, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தபோதுதான் அவனுக்கு எப்படிப்பட்ட வாய் என்று முதல் தடவை பார்த்தேன். தினமும் எட்டுக்கு வந்து, ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறான். அவன் கம்பெனிக்காரன் என்று இப்போது எனக்கு ஞாபகமே வருவதில்லை.

ஒரு கஷ்டம் மட்டும் இருக்கிறது. கண்ணை மூடினால் உன் முகம் வருகிறது, ஆனால் வார்த்தை போய்விடுகிறது. வார்த்தைக்காகக் கண்ணைத் திறந்தால் எதிரே கொக்கி உட்கார்ந்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. வருஷக் கடைசிக்குள் பழகிக்கொள்கிறேன்.

நேற்று மழைச் செய்தியின் நடுவில் கொக்கி திடீரென்று நிறுத்திவிட்டு இரண்டு தடவை இருமினான். தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவசரமாகக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "நான் இல்ல பெரியப்பா, அவங்க" என்றான்.

வெந்நீர் குடி. இருமலை அலட்சியம் பண்ணாதே.

அப்பா